மொலியேர் மேடையில் சாகவில்லை: 1673 பிப்ரவரி 17, ஒரு நிகழ்வு ஆய்வு

நடித்துக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்த நடிகர்களைப் பற்றிய கதைகளுக்கு நாடக உலகில் தனி மரியாதை உண்டு. கொடுத்துவைத்த சாவு என்பார்கள். அந்தக் கதைகளில் அதிகம் சொல்லப்பட்டது பிரெஞ்சு நாடகாசிரியரும் நடிகருமான மொலியேருடையது. இல்லாத நோயை இருப்பதாக நினைத்து மருகும் ஒருவனின் வேடத்தில், பாரிஸ் அரங்கு ஒன்றில், சபை சிரித்துக்கொண்டிருக்கும்போதே செத்து விழுந்தார் என்று பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள்.

அப்படி நடக்கவில்லை. கடைசி வசனம் வரை பேசினார். ஆட்டம் முடிந்ததும் அங்கி மாற்றிக்கொண்டு, சக நடிகரின் ஒப்பனை அறைக்குப் போய், நாடகத்தைப் பற்றி வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு ரிஷ்லியே தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போய், கொஞ்சம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, இரவு 10 மணிவாக்கில் கட்டிலில் செத்தார்.

மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருப்பது சில மணி நேரம்தானே, அதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு நாடகக்காரர் தன் சாவை அரங்கத்துக்கு வெளியே நிறுத்திவைக்கப் படாதபாடு பட்டார். அவரைக் கொண்டாடியவர்களும் தூற்றியவர்களும் சேர்ந்து அந்தச் சாவை இழுத்துவந்து மேடையில் போட்டார்கள். நாடகத்துக்கும் சாவுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

சாட்சிகள்

முதல் சாட்சி லா கிராஞ்ச். மொலியேரின் குழுவில் நடிகர், கணக்கு வழக்கில் கறாரானவர். 1659 முதல் 1685 வரை அவர் எழுதிவந்த பதிவேடு நமக்குக் கிடைத்திருக்கிறது. எந்த நாளில் எந்த நாடகம், எவ்வளவு வசூல், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று வரிசையாகப் போகும் ஏடு அது. 1673 பிப்ரவரி 17 வெள்ளிக்கிழமைக்கான பதிவில் மட்டும் அவர் சற்று நின்று எழுதுகிறார். அன்று ஆட்டம் முடிந்தபின் இரவு 10 மணிவாக்கில் மொலியேர் வீட்டில் இறந்தார். சளியும் மார்புக்கட்டும் இருமலுமாக மிகவும் சிரமப்பட்டுக்கொண்டே தன் வேடத்தை நடித்தார். கபத்தை வெளியேற்றப் பெருமுயற்சி செய்தபோது உடலுக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அதற்குப்பின் அரை மணி, முக்கால் மணி நேரம்கூட உயிரோடு இல்லை. பதிவு அவ்வளவுதான். பின்னாளில் பலரும் காசநோய் என்று எழுதினார்கள். கூடவே இருந்த மனிதர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

இரண்டாவது, 1682இல் வெளிவந்த மொலியேர் நாடகத் தொகுப்பின் முன்னுரை. அதிலும் லா கிராஞ்சின் கை உண்டு. மூன்றாவது, கிரிமாரே என்பவர் 1705இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. சாவு நடந்து 32 ஆண்டுகள் கழித்து வந்த நூல். ரசமான செய்திகளெல்லாம் இதில்தான் இருக்கின்றன. சொன்னவர் மிஷேல் பரோன் என்ற நடிகர். 1673இல் அவருக்கு 19 வயது, மொலியேரின் செல்லப்பிள்ளை. மொலியேரை நன்கு அறிந்த கவிஞர் பொவாலோ இந்த நூலை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நான் அதை முழுக்கத் தள்ளமாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் மாட்டேன்.

நான்காவது சாட்சிதான் முக்கியமானது: மொலியேரின் மனைவி அர்மாந்த் பெஜார் பாரிஸ் பேராயருக்குக் கொடுத்த மனு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த வாரம்

நாடகத்தின் பெயர் 'கற்பனை நோயாளி'. பலே-ரொயால் அரங்கில் 1673 பிப்ரவரி 10 அன்று முதல் ஆட்டம். சார்பாந்தியே இசை, பொஷான் நடன அமைப்பு. முன்னுரைக் காட்சி, இடைக்காட்சிகள், பாடகர்கள், ஆட்டக்காரர்கள் என்று பெரிய தயாரிப்பு. 2,400 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) செலவானதாக லா கிராஞ்ச் குறிக்கிறார். ஆர்கான் என்ற நோயாளி வேடம் மொலியேருக்கு. அவருக்கு அப்போது வயது 51.

பிப்ரவரி 17, நான்காம் ஆட்டத்தன்று காலையிலிருந்தே உடம்பு முடியவில்லை. இன்று நடிக்கவேண்டாம் என்று மனைவியும் பரோனும் கண்ணீர்விட்டுக் கெஞ்சியதாகக் கிரிமாரே எழுதுகிறார். அன்றாடம் கூலி வாங்கிப் பிழைக்கும் ஐம்பது ஏழைத் தொழிலாளர்கள் இருக்கிறார்களே, ஆட்டம் இல்லையென்றால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று மொலியேர் கேட்டாராம். முடியும்போது ஒருநாள்கூட அவர்களுக்குச் சோறில்லாமல் செய்துவிட்டால் தன் மனசாட்சி குத்தும் என்றாராம். சரியாக 4 மணிக்கு எல்லோரும் தயாராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்றும் சொல்லியனுப்பினார்.

கிரிமாரே சொன்னதால் இதைச் சந்தேகிக்கலாம். ஆனால் லா கிராஞ்சின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. அத்தனை செலவு செய்து மூன்றே ஆட்டம் ஓடிய நாடகம். வாத்தியக்காரர், ஆட்டக்காரர், விளக்குப் போடுகிறவர் எல்லோரும் அன்றைய ஆட்டத்தை நம்பி இருப்பவர்கள். குழுத் தலைவர் அவர்தான். கலைக்காக உயிரைக் கொடுத்தார் என்ற வழக்கமான புகழுரையை இந்த இடத்தில் எனக்கு ஏற்க மனம் வரவில்லை. முதலாளியாகவும் சக தொழிலாளியாகவும் இருந்த ஒருவர், கூலி கொடுக்கும் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாமல் போனார். நாடகத்தில் உழைத்தவர்களுக்கு இது உடனே புரியும். நோய் பொறுத்துக்கொள்ளும், விற்ற நுழைவுச்சீட்டு பொறுத்துக்கொள்ளாது.

செத்தவனாக நடிப்பது

இனி நாடகத்துக்குள் போகவேண்டும். இந்த வழக்கில் நாடகமே ஒரு சாட்சி.

மூன்றாம் அங்கத்தில் ஆர்கானின் வேலைக்காரி துவானெத் ஒரு யோசனை சொல்கிறாள். நீங்கள் செத்துப்போனதாக நாற்காலியில் சாய்ந்து கிடங்கள், உங்கள் மனைவி எப்படித் துடிக்கிறாள் என்று எல்லோரும் பார்க்கட்டும். ஆர்கான் ஒரு கணம் தயங்குகிறான். செத்தவனைப்போல் நடிப்பதில் ஆபத்து ஒன்றும் இல்லையே என்று கேட்கிறான். இல்லை, என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது என்கிறாள் துவானெத். உள்ளே வருகிறாள் மனைவி பெலீன். புருஷன் செத்தான் என்று கேட்டதும் அவள் வாயிலிருந்து வருவது நிம்மதிப் பெருமூச்சு. தலையிலிருந்து பாரம் இறங்கியது என்கிறாள். எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டு, இருமிக்கொண்டு, துப்பிக்கொண்டு, எல்லோருக்கும் தொல்லையாக இருந்த மனிதன் என்று பிணத்தின் தலைமாட்டில் நின்று பட்டியல் போடுகிறாள். பணமும் பத்திரமும் எங்கே என்று தேடப் போகும்போது பிணம் எழுந்து உட்காருகிறது. அடுத்து மகள் ஆஞ்செலிக். அவள் உண்மையாகவே அழுகிறாள். பிணம் இரண்டாம் முறை எழுந்து அவளைக் கட்டிக்கொள்கிறது.

பொய்ச் சாவு நாடகங்களில் பழைய உத்தி. அதற்கு இங்கே என்ன வேலை என்று பாருங்கள். தான் செத்தபின் மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்க எல்லா மனிதருக்கும் ஆசை உண்டு. யாருக்கும் அது வாய்ப்பதில்லை. நாடகத்தில் வாய்க்கிறது. ஒருவன் தன் சாவுக்கு அந்தப்பக்கம் போய் நின்று, கேட்டுவிட்டுத் திரும்பிவந்து, கேட்டதை வைத்து வாழ்க்கையைத் திருத்திக்கொள்கிறான். மேடைச் சாவு எல்லாவற்றிலும் இந்தத் திரும்பி வருதல் இருக்கிறது. துன்பியல் நாடகத்தில் வெட்டுப்பட்டு விழுந்த அரசனும் ஆட்டம் முடிந்ததும் எழுந்துவந்து வணங்குகிறான். எழுந்து வருவான் என்று தெரிந்திருப்பதால்தான் அவன் சாவதை நம்மால் கண்கொட்டாமல் பார்க்க முடிகிறது.

இப்போது அந்த நாற்காலியில் கிடப்பவரின் மார்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிணமாக நடித்தவர்களுக்குத் தெரியும், அதில் கடினமானது மூச்சு. சபையின் கண் வேறெங்கும் போகாது, மார்பு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்கும். வாயை லேசாகத் திறந்துவைத்து, அடிவயிற்றில் மூச்சைச் சிறுகச் சிறுக வாங்கி, தொண்டை கரகரத்தால் எச்சிலை விழுங்காமல் தாங்கவேண்டும். ஓடியாடிக் கத்தும் காட்சிகளில் இருமல் வந்தால் வேடத்தோடு போய்விடும். பிணத்துக்கு இருமல் கிடையாது. மார்பு நிறையச் சளியோடு இருந்தவருக்கு அன்று மாலை மிகப்பெரிய வேதனை இந்த அசையாத நிமிடங்களாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். முந்தைய மூன்று ஆட்டங்களிலும் இதே பாடுதான்.

இருமல் விஷயத்தில் இன்னொன்று. மொலியேரின் இருமல் பாரிஸ் சபைக்குப் புதிதல்ல. 1668இல் அவர் எழுதி நடித்த 'கஞ்சன்' நாடகத்தில் கிழவன் ஆர்ப்பகோனுக்கு இருமல் உண்டு. அது உமக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது என்று ஒரு பாத்திரம் முகஸ்துதி செய்வதாக வசனமே எழுதிவைத்தார். தன் நோயை மறைக்க முடியாது என்று தெரிந்ததும் அதற்கும் ஒரு வேடம் கொடுத்துவிட்டார். ஐந்து ஆண்டுகளாக அந்த இருமலுக்குச் சிரித்துப் பழகிய சபை அது. 'கற்பனை நோயாளி'யில் ஒரு படி மேலே போனார். ஆர்கானிடம் அவன் தம்பி, வா மொலியேரின் நாடகம் ஒன்று பார்க்கப் போகலாம் என்று அழைக்கிறான். ஆர்கானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நான் மருத்துவனாக இருந்தால் அந்த ஆள் நோயில் விழும்போது எந்த உதவியும் செய்யாமல் சாகவிடுவேன், செத்துத்தொலை என்பேன் என்கிறான். அந்த ஆள் மருந்து கேட்கவே மாட்டார், தன் நோயைத் தாங்குவதற்கு மட்டும்தான் அவரிடம் தெம்பு இருக்கிறது என்கிறான் தம்பி. மொலியேரைச் சாகச் சொல்லி மொலியேரே மேடையில் கத்துகிறார், சபை சிரிக்கிறது. நான்காவது முறையாக அந்த வசனத்தைச் சொன்னபோது அவருக்கு மிச்சமிருந்தது சில மணி நேரம்.

இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு வேண்டாம். அவருக்குத் தன் உடம்பு தெரியும், தெரிந்ததை எழுதினார்.

பாதிச் சபை

நாடகம் ஒரு கேலிச் சடங்கோடு முடிகிறது. ஆர்கானுக்கே மருத்துவர் பட்டம் கொடுக்கிறார்கள். அரைகுறை லத்தீனில் மூன்று சத்தியம் கேட்கிறார்கள், மூன்றுக்கும் அவன் 'யூரோ' என்று பதில் சொல்லவேண்டும், அதாவது சத்தியம். மூன்றாவது சத்தியம் இது: நோயாளி வெடித்து தன் நோயாலேயே செத்தாலும் சரி, மருத்துவப் பீடம் சொன்ன மருந்தைத் தவிர வேறெதையும் தரமாட்டேன். இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லும்போதுதான் மொலியேருக்கு உடம்பு வெட்டி இழுத்தது. பார்வையாளர்களில் பாதிப்பேர் அதைக் கவனித்துவிட்டார்கள் என்கிறார் கிரிமாரே. அவர்கள் கவனித்ததை மொலியேரும் கவனித்தார். வலிந்து ஒரு சிரிப்பை வரவழைத்து அதை மூடினார். 1682 முன்னுரையும், அவர் கற்பனை நோயாளி அல்ல என்பது சபைக்குச் சுலபமாகத் தெரிந்துவிட்டது என்கிறது.

பலர் இந்த வழக்கைச் சொல்லும்போது, சபைக்கு ஒன்றும் தெரியவில்லை, சாவையும் நடிப்பென்று எண்ணிச் சிரித்தார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். சாட்சிகள் சொல்வது அதைவிடக் கனமானது. தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லமாட்டேன். மேடையில் இருப்பவர் நிறுத்தாதவரை ஆட்டத்தை நிறுத்த சபைக்கு உரிமை இல்லை என்பது நாடகத்தின் எழுதாத ஒப்பந்தம். அவர் சிரித்துக்காட்டினார், ஆட்டம் தொடர்கிறது என்று அதற்குப் பொருள். சபை அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டது. ஒருவர் தன் வலியை மறைப்பதையும், மறைக்கிறார் என்று தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருந்து அவருக்கு ஒத்தாசை செய்வதையும் நான் இங்கே பார்க்கிறேன்.

இந்த ஒப்பந்தம் முறிந்த, அல்லது சரியாகப் படிக்கப்படாத வழக்குகளும் உண்டு. 1833 மார்ச் 25 அன்று லண்டன் கவென்ட் கார்டனில் ஒதெல்லோவாக நடித்த எட்மண்ட் கீன், இயாகோவாக நடித்த தன் மகன் சார்ல்ஸின் தோளில் சரிந்தார். நான் சாகிறேன், இவர்களிடம் நீ பேசு என்று மகனிடம் சொன்னார். வேடத்தை அவரே கீழே வைத்துவிட்டார், ஆட்டம் நின்றது. அவர் இறந்தது மே 15இல். 1984 ஏப்ரல் 15 அன்று அதே லண்டனில் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியில் நகைச்சுவை வித்தைக்காரர் டாமி கூப்பர் மாரடைப்பால் திரைச்சீலையில் சாய்ந்து விழுந்தார். வித்தை தவறிப்போவதுபோல் காட்டிச் சிரிக்கவைப்பதே அவர் பாணி. சபை சிரித்துக்கொண்டே இருந்தது. கீனால் வாய்திறந்து சொல்ல முடிந்தது, கூப்பரால் முடியவில்லை. மொலியேர் இரண்டு பக்கமும் சேராதவர். அவரால் சொல்ல முடிந்திருக்கும், சொல்லவில்லை.

இரவு

ஆட்டம் முடிந்தபின் பரோன் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டியாக இருந்தது. சூடேற்ற ஒரு மென்மயிர்க் கையுறைக்குள் அவர் கைகளை நுழைத்துவிட்டு, பல்லக்கு நாற்காலி தூக்குபவர்களைக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். சூப்புக் குடிக்கச் சொன்னபோது, தன் மனைவி வைக்கும் சூப்பு தனக்கு அமிலம் மாதிரி என்று மறுத்து, பார்மா பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி ரொட்டியோடு சாப்பிட்டார். இருமல் வந்தது, ரத்தம் வந்தது. தவக்காலத்துக்குப் பிச்சை திரட்டப் பாரிஸ் வந்து அவர் வீட்டில் தங்கியிருந்த இரண்டு கன்னியர் கடைசியில் பக்கத்தில் இருந்தார்கள்.

அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்ததுதான் மனுவில் இருக்கிறது. கணவர் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினார் என்கிறார் அர்மாந்த். வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பங்குக் கோயிலான சென்-தூஸ்தாஷுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். லான்ஃபான், லெஷா என்ற இரண்டு சாமியார்கள் வர மறுத்துவிட்டார்கள். உறவினர் ஒருவர் தானே போய் பைசான் என்ற மூன்றாமவரை எழுப்பிக் கூட்டிவந்தார். இந்த அலைச்சலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அவர் வந்தபோது உயிர் அப்போதுதான் பிரிந்திருந்தது.

லா கிராஞ்சின் முக்கால் மணியும் அர்மாந்தின் ஒன்றரை மணியும் மோதுகின்றன. இரண்டும் மெய் என்றால், ரத்தக்குழாய் வெடிப்பதற்கு முன்பே சாமியாரைத் தேடி ஆள் போயிருக்கவேண்டும். அப்படியானால் வீட்டுக்கு வந்தபோதே சாவு வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிரிமாரேயின் பாலாடைக்கட்டிக் காட்சியின் இலகுவான தொனிக்கு இது ஒத்துவரவில்லை. மனு ஒரு காரியத்துக்காக எழுதப்பட்டது, கணவரை நல்ல கிறிஸ்தவராகக் காட்டவேண்டிய தேவை அர்மாந்துக்கு இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் சாமியார்களின் பெயர் போட்டு, பேராயரால் மறுநாளே விசாரிக்கக்கூடிய செய்தியை மனுவில் எழுதத் துணிந்தார் என்பது என்னை அவர் பக்கம் சாய்க்கிறது.

சாமியார்கள் ஏன் மறுத்தார்கள்? அன்றைய பாரிஸ் திருச்சபை நடிகர்களைப் பகிரங்கப் பாவிகளின் வரிசையில் வைத்திருந்தது. சாகும் நடிகருக்குத் தேவதிரவிய அனுமானங்கள், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்குகள், கிடைக்கவேண்டுமானால் அவர் தன் தொழிலை விட்டுவிட்டதாக அறிவிக்கவேண்டும். சரியாக ஓராண்டுக்கு முன், 1672 பிப்ரவரி 17 அன்று, மத்லேன் பெஜார் இறந்தார். 1643இல் மொலியேரோடு சேர்ந்து முதல் குழுவைத் தொடங்கியவர். நடிப்பைத் துறப்பதாக உரிய காலத்தில் எழுதிக் கொடுத்தார், கோயிலில் முறையாக அடக்கம் நடந்தது. மொலியேருக்கு அதற்கு நேரம் இல்லை. நேரம் இல்லாமல் போனதற்குக் காரணம், அன்று மாலை அவர் நடித்துக்கொண்டிருந்தார்.

மேடையில் சாவு என்பது ஒரு வேடம். திருச்சபையோ சாவு வரும்போது எல்லா வேடமும் கழல வேண்டும் என்றது. இருபது முப்பது ஆண்டு உழைப்பை ஒரு தாளில் மறுத்துக் கையெழுத்துப் போட்டால் நல்ல மண் கிடைக்கும். இதைவிடக் கொடிய பேரம் எனக்குத் தெரியாது. 1730 மார்ச்சில் பாரிஸின் மிகச்சிறந்த துன்பியல் நடிகை ஆத்ரியேன் லெகூவ்ரேர் நடிப்பைத் துறப்பதாக எழுதிக் கொடுக்காமல் இறந்தபோது, இரவோடிரவாக ஓர் ஒதுக்குப்புறத்தில் புதைத்துச் சுண்ணாம்பு கொட்டினார்கள்; எழுத்தாளர் வோல்தேர் கொதித்துக் கவிதை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் நடிகை ஆன் ஓல்ட்ஃபீல்டுக்கு அரசர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே கோயிலில் இடம் கிடைத்தது. பிரான்சில் நடிகர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 1789 டிசம்பர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

யாரைப் புதைத்தார்கள்

அர்மாந்த் அரசரையும் நேரில் போய்ப் பார்த்தார். பதினான்காம் லூயி பேராயரிடம் பேசினார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. பேராயர் ஆர்லே இறங்கிவந்தார், நிபந்தனைகளோடு: ஆடம்பரம் கூடாது, இரண்டு குருக்களுக்கு மேல் கூடாது, பகலில் கூடாது, எந்தக் கோயிலிலும் பெரிய பூசை கூடாது.

பிப்ரவரி 21 செவ்வாய் இரவு 9 மணிக்கு அடக்கம். அதை நேரில் பார்த்த ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது. நிபந்தனையை மீறிப் பல குருக்கள் வந்திருந்தார்கள். வெள்ளித் தண்டுகளில் மெழுகுவர்த்தி ஏந்திய அநாதைச் சிறுவர்கள், தீப்பந்தம் பிடித்த ஏவலர்கள், தெரு முழுக்க ஜனம். ஏழைகளுக்கு ஆளுக்கு ஐந்து சூ காசு கொடுத்தார்கள். சென்-ஜோசெஃப் கல்லறைத் தோட்டத்தில் சிலுவையின் அடியில் குழி.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது சவப்பெட்டியின்மேல் கிடந்த போர்வை. அது தப்பிசியே கைவினைஞர் சங்கத்தின் போர்வை. கட்டில், நாற்காலிகளுக்கு மெத்தையும் திரைச்சீலையும் பொருத்துகிறவர்களின் சங்கம். மொலியேரின் தந்தை அந்தத் தொழில்காரர், அரசரின் அரண்மனையில் பதவி பெற்றிருந்தவர். அந்தப் பதவி மகனுக்கு வாரிசாக வந்தது. இளமையில் அதை உதறிவிட்டுத்தான் நாடகத்துக்கு ஓடினார், பிற்பாடு பெயரளவில் திரும்ப ஏற்றார். நடிகனாக அவரைப் புதைக்க முடியாது. ஆகவே அப்பாவின் தொழிலைப் போர்த்திப் புதைத்தார்கள். மொலியேர் போட்ட கடைசி வேடம் ஆர்கான் இல்லை, மெத்தைக்காரர் ஜான்-பதீஸ்த் போக்லேன்; அதுதான் அவருடைய இயற்பெயர். அந்த வேடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்தும் தெருவில் நின்ற கூட்டத்துக்குப் போர்வைக்குள் யார் என்று நன்றாகத் தெரியும்.

சாவை மேடைக்கு இழுத்தவர்கள்

1694இல் ஆயர் பொஸ்ஸுவே நாடகத்தைக் கண்டித்து எழுதியபோது மொலியேரின் சாவை எடுத்துக்கொண்டார். மேடைக் கேலிப்பேச்சுகளின் நடுவே கிட்டத்தட்ட கடைசி மூச்சை விட்டு, சிரிக்கிறவர்களே நீங்கள் அழுவீர்கள் என்று சொன்னவரின் நியாயாசனத்துக்குப் போனார் என்றார். 'கிட்டத்தட்ட' என்ற சொல்லைக் கவனமாகப் போட்டார். படித்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள். மறுபக்கம் நாடக அபிமானிகள் அதே சாவை வீரமரணமாக்கினார்கள். தண்டனை என்று காட்டவும் அவர் மேடையில் சாகவேண்டும், தியாகம் என்று காட்டவும் மேடையில் சாகவேண்டும்.

இரண்டு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன. மேடை சாவதற்கான இடம் என்று இருவரும் நினைக்கிறார்கள். அன்று மாலை மொலியேர் செய்தது அதற்கு நேர்மாறானது. ரத்தக்குழாய் வெடிக்கப்போகும் மார்போடு வந்தவர், செத்தவனாக இரண்டுமுறை கிடந்து இரண்டுமுறை எழுந்தார், உடம்பு வெட்டி இழுத்தபோது சிரித்தார், திரும்பிப்போய்ச் செத்தார். மேடையை அவர் சாகாமல் இருக்கும் இடமாக வைத்துக்கொண்டார், கடைசி நிமிடம் வரை.

மார்ச் 3

பிப்ரவரி 19 ஞாயிறும் 21 செவ்வாயும் அரங்கு மூடியிருந்தது. 24 வெள்ளிக்கிழமை 'மனித வெறுப்பாளன்' நாடகத்தோடு திறந்தார்கள். மொலியேரின் அல்செஸ்த் வேடம் பரோனுக்கு. மார்ச் 3 அன்று 'கற்பனை நோயாளி' மீண்டும் ஏறியது, ஆர்கானாக லா தொரிலியேர். துவானெத் வேடம் முன்போலவே பொவால் அம்மையாருக்கு. செத்தவனாக நடிப்பதில் ஆபத்து இல்லையே என்ற கேள்வி வரும் இடத்தில், என்ன ஆபத்து என்று அவர் இரண்டு வாரத்துக்கு முன் சொன்ன அதே பதிலை வேறொரு முகத்தைப் பார்த்துச் சொல்லியாகவேண்டும்.

இதை இரக்கமின்மை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். வேடம் என்பது ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் உட்காரக்கூடிய இடம். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நாடகமும் இல்லை, அந்த ஐம்பது பேருக்குக் கூலியும் இல்லை. ஆர்கானின் அந்த நாற்காலியைக் குழு பத்திரப்படுத்தி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஒருவர் மாற்றி ஒருவராக அதில் உட்கார்ந்து நடித்தார்கள். இன்று பாரிஸில் கொமெதி பிரான்சேஸ் நாடக அரங்கில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

அந்த வசந்தத்தில் குழு உடையவும் செய்தது. பரோன், லா தொரிலியேர், பொவால் தம்பதி நால்வரும் எதிர்க்குழுவான ஓத்தெல் த பூர்கோஞ்ஞுக்குப் போனார்கள். பலே-ரொயால் அரங்கை அரசர் இசையமைப்பாளர் லுல்லியின் இசைநாடகத்துக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியவர்களை அர்மாந்தும் லா கிராஞ்சும் சேர்த்துப் பிடித்து, மாரே குழுவின் நடிகர்களையும் கூட்டிக்கொண்டு, 1673 ஜூலை 9 அன்று கெனெகோ அரங்கில் 'தர்த்துஃப்' நாடகத்தோடு கதவைத் திறந்தார்கள். லா கிராஞ்ச் வழக்கம்போல் வசூலைக் குறித்துவைத்தார்.